எல்லாரும் தாரணி

அந்த ஆள் என் பெயரை எவ்வளவு பழகியவன்போல் சொன்னான். முன்பின் பார்த்ததே இல்லை. தஞ்சோங் கிளிங்கில் வீடு, பிள்ளைக்கு இழுப்பு நோய், எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான். நான் யாரிடம் சொன்னேன்?

தாரணி கண்ணாடிக் கதவின் வழியாக மறுபடியும் பார்த்தாள். எதிர்க்கடை ஓரத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி அவன் இன்னும் நின்றிருந்தான். அந்த வெயிலிலும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

சற்றுமுன் உள்ளே வந்து கைப்பேசியை நீட்டினான். “தாரணி நீங்கதானே? வீடு எனக்குத்தான்னு மெசேஜ் போட்டீங்க. இப்ப வேற ஆளுக்குக் குடுத்துட்டீங்களாமே.” மெசேஜின் கீழே அவள் பெயர் இருந்தது. அது அவள் எழுதியதல்ல. அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். “பிள்ளைக்கு இழுப்புன்னு வேற எழுதுனீங்க. பரவால்ல, தஞ்சோங் கிளிங்தானே, அங்க வந்து பேசிக்கலாம்” என்று வெளியேறினான்.

பாயா ரும்புட்டில் அவள் வேலை பார்த்தது, வீடு, நிலம் விற்றுக்கொடுக்கும் சின்ன அலுவலகத்தில். எந்த வீடு யாரோடு பேச்சில் இருக்கிறது, யாருக்கு என்ன பதில் போனது என்பதெல்லாம் ஒரு மென்பொருளில் இருந்தது. அதன் இலவசத் திட்டத்தில் ஒருவருக்கு மட்டுமே கணக்கு. அதைத் தாரணியின் பெயரில் திறந்திருந்தார்கள். முதலாளி புவனேந்திரனும் விற்பனை பார்க்கும் ஷங்கரும் அதே கடவுச்சொல்லில் நுழைவார்கள். யார் எழுதினாலும் தாரணி எழுதியதாகவே போகும்.

“பிள்ளைக்கு முடியலன்னு நீயா எழுதுன?” என்று ஷங்கரைக் கேட்டாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. ஒரு அம்மா சொன்னா கஸ்டமர் கொஞ்சம் பொறுத்துக்குவாங்கல்ல. எங்க ஏரியான்னு கேட்டாரு, சொன்னேன்.” சிரித்தான். “இங்க எல்லாருமே தாரணிதான்!”

அவள் பழைய பதில்களைத் திறந்தாள். அவள் பெயர் எங்கெங்கோ வாக்குக் கொடுத்திருந்தது, கெஞ்சியிருந்தது, ஓரிடத்தில் யாரோ ஓர் ஆணோடு சிரித்தும் பேசியிருந்தது. அப்போது அவள் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்திருப்பாள். எதை எழுதியவர் யார் என்று இலவசத் திட்டம் காட்டாது. எழுந்து முதலாளியின் மேசைக்குப் போனாள்.

“பாஸ், இலவசத் திட்டம், காசு கட்டுற திட்டம் ரெண்டையும் பார்த்துச் சொல்லச் சொன்னீங்க. காசு கட்டுறதுல ஆளுக்கொரு கணக்கு இருக்கு. யார் எழுதுனாங்கன்னு தெரியும். அதுல வர்ற சார்ட்டு, ரிப்போட்டு எதுவும் வேணாம், இது ஒன்னுக்காகவாவது…”

“ஓசியிலயே எல்லாம் ஓடுதேம்மா.” புவனேந்திரன் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “முதல்ல அவன அனுப்பு. ‘நான்தான் தப்பா போட்டுட்டேன், மன்னிச்சிடுங்க’ன்னு ஒரு மெசேஜ். பொம்பளப் பேருன்னா சண்டைக்கு வரமாட்டான்.”

வந்துவிட்டானே என்று நினைத்தாள்.

திரையில் காலிக் கட்டம் காத்திருந்தது. வெளியே அவன் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றான். இந்த ஒரு வரியை எழுதிவிட்டால், இதுவரை போன அத்தனையும் தன் கையால் எழுதியதாகிவிடும். எழுதாவிட்டால், வீட்டுக்குப் போகும் கிளேபாங் கடற்கரைச் சாலையில் இன்று அவன் தன் பின்னால் வரக்கூடும். இரண்டுமே பயமாக இருந்தன.

“போடும்மா.”

விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அது நான் எழுதுனது இல்ல பாஸ்” என்றாள் மெதுவாக. “நான் போடமாட்டேன்.”