ஒரே கப்பலுக்கு இரண்டு டிக்கெட்

1

இருந்தவர்கள் நால்வர். வீரசிங்கம், ரயில்வே சரக்குப் பகுதியில் கிளார்க், கான்வாஸ் சாய்வு நாற்காலியில். அவர் மனைவி குணபூசணி, குசினி வாசலில் பலகை போட்டு, மடியில் முருங்கைக் கீரையோடு. அவளுடைய தமையன் முத்துக்குமாரு, பென்ஷன்காரர், பிரம்பு நாற்காலியில், முகத்துக்கு முன்னால் பத்திரிகையோடு. கன்னையா, கிள்ளானில் ஒரு ரப்பர்க் கிட்டங்கியில் எடை எழுதும் கிராணி, வாசலை ஒட்டிய பெஞ்சின் நுனியில். இடம் பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ். காலம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு.

செமினி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் படித்தவன் நான். யார், எங்கே, எப்போது என்று முதலில் வைத்துவிட்டால்தான் எனக்குப் பேனா நகரும். இப்போது வைத்துவிட்டேன். நகரவில்லை.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த நால்வரில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஒரு தரம் கிள்ளான் ரயிலில் எனக்கு எதிர்ப்பலகையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கோட்டு, மற்றவர் வேட்டி. வேட்டி சொன்னது: “ரங்கூன்ல எறங்குனதும் மொதல்ல வயித்தப் பாக்கணும்.” கோட்டு சொன்னது: “முதலிலை அடுத்த கப்பல் எப்ப எண்டு கேக்கவேணும்.” அவ்வளவுதான். அவர்கள் இறங்கிப் போனார்கள், ரங்கூனை என் தலையில் வைத்துவிட்டு. அன்றிலிருந்து சுமக்கிறேன், கழுத்து வலிக்கிறது. வாசகரே, ஒரு கை பிடியுங்கள்.

2

முதல் தொடக்கம்: “நீலக் கடலின் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு கப்பல்...” (கப்பலே இல்லை. இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: “பயணம் என்பது மனித வாழ்வில்...” (இதைச் சொல்ல நான் வேண்டியதில்லை.)

மூன்றாவது, எவ்வளவு சாதாரணமோ அவ்வளவு சாதாரணமாக:

வீரசிங்கமும் கன்னையாவும் பழகியது ஒரு சண்டையில். கிள்ளானிலிருந்து வந்த ரப்பர்ச் சிப்பங்களின் எடை ரசீதில் தப்பாக விழுந்துவிட்டது. சண்டை பிடிக்க ரயிலேறி வந்த கன்னையா, தப்புத் தன் தராசில்தான் என்று கண்டுபிடித்து, வெட்கத்தோடு எழுந்தார். வெளியே மழை. வீரசிங்கம் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைத்தார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்தார். பேச்சு எப்படியோ கப்பலுக்குப் போனது, போனது திரும்பவில்லை. பினாங்கு, ரங்கூன், கல்கத்தா. அங்கிருந்து ரயிலில் மதராஸ். மதராஸிலிருந்து கப்பலில், கிள்ளானுக்குப் பக்கத்துத் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம். வீரசிங்கத்துக்கு நீண்ட லீவு சேர்ந்திருந்தது. கன்னையாவின் முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

இரண்டு பேருமே இந்த மண்ணில் பிறந்தவர்கள். ஒருவர் சிரம்பானில், மற்றவர் கிள்ளானை அடுத்த மேருவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். இதுவரை கடல் தாண்டியதில்லை. இங்கே கப்பலேறுகிறவன் ஊருக்குப் போகிறான் என்றுதான் அர்த்தம். வேறு எதற்காகவும் கப்பல் ஏறலாம் என்பதை முத்துக்குமாருவால் சீரணிக்க முடியவில்லை.

“யாழ்ப்பாணத்தை எட்டியும் பாராமல் கல்கத்தாவோ மச்சான்? அங்கை ஆரைப் பாக்க?”

“ஒருத்தரையும் பாக்க இல்லை. அதுக்குத்தான் போறம்.”

“ஊருக்குப் போனா அது பயணம் இல்லைங்க, விசாரணை,” என்றார் கன்னையா. “கல்யாணம் ஆச்சா, எத்தன புள்ள, எனக்கு என்னா கொண்டாந்த? ரங்கூன்ல ஒருத்தனும் கேக்க மாட்டான் லா.”

சரக்கை ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாற்றி ஏற்றுவதுபோலத்தான் வீரசிங்கம் பயணத்தையும் போட்டிருந்தார். எந்தக் கப்பல் எங்கே தங்கும், தவறினால் அடுத்தது எது, மழைக்காலத்தில் எவ்வளவு பிந்தும், எல்லாம் அவருக்கு வாய்ப்பாடம்.*

* எனக்கு ரங்கூன் தெரியாது. அதனால்தான் இவர்கள் இன்னும் கிளம்பாமல் பிரிக்பீல்ட்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இதை ஒரு நுட்பம் என்று யாராவது பாராட்டினால் மறுக்க எனக்குத் தெம்பில்லை.

3

இந்த இடத்தில் எனக்குக் கன்னையாமீது சந்தேகம் வந்தது. சிரிக்கிறார், விட்டுக்கொடுக்கிறார், பெஞ்சின் நுனியில் உட்கார்கிறார். எழுதுகிறவனுக்குச் சௌகரியமான மனிதர். சௌகரியமானவர்களை நான் நம்புவதில்லை. ஆகவே ஒரு முழு வாரம் எழுதாமல் இருந்துவிட்டு, அவர் கையில் எதையாவது கொடுத்து அனுப்பிப் பார்ப்போம் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கக்கத்தில் ஒரு சுருளை வைத்தேன்.

“என்னண்ணை அது, பாயோ?” என்று கேட்டாள் குணபூசணி.

“ரெண்டு பாய், தங்கச்சி. கிள்ளான் பாசார்ல எடுத்தேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவுங்களுக்கு. டெக்குல ஏறுன ஒடனே பாயப் போட்டுடணும். போட்ட எடந்தான் நம்ம எடம். அசந்தா ஆடு கட்டுற பக்கமாத் தள்ளிடுவானுங்க.”*

* டெக்கு என்பது கப்பலின் திறந்த தட்டு. அறை இல்லை, கட்டில் இல்லை. தோட்டத்துச் சனம் வருவதும் போவதும் அதில்தான்.

பத்திரிகை கீழே இறங்கியது.

“டெக்கோ?” என்றார் முத்துக்குமாரு.

வீரசிங்கம் பாயைப் பார்த்தார். நல்ல பாய். ஓரத்தில் சிவப்புக் கரை. இத்தனை காலம் கப்பலின் நாளையும் நேரத்தையும் பேசினார்களே தவிர, எந்த வகுப்பு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் வீட்டில் இரண்டாம் வகுப்பு சோறு மாதிரி. இன்றைக்குச் சோறு என்று யாராவது சொல்லிக்கொண்டா சாப்பிடுகிறார்கள்? கன்னையா வீட்டில் டெக்கு அப்படி.

“கன்னையா, நீர் டெக்கிலை போறதெண்டோ நினைச்சீர்?”

“வேற எதுல?”

“செகண்ட் கிளாசிலை. ரெண்டு பேரும்.”

கன்னையா சிரித்தார். பிறகு வீரசிங்கத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“கவர்மெண்ட் உத்தியோகத்தன் டெக்கிலை கிடந்தால் கந்தோரிலை மற்றக் கிளார்க்குமார் என்ன கதைப்பினம்?” முத்துக்குமாருவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அதைவிட, திரும்பி வரேக்கை போர்ட் சுவெட்டன்ஹாமிலை இறக்கி, நோய்த் தடுப்பு முகாமிலை ஒரு கிழமை அடைச்சு வைப்பினம். உடுப்பையெல்லாம் அவிச்சுத்தான் தருவினம்.”

“டெக்குல வர்றவங்களத்தான் அடைப்பாங்க. மேல வர்றவங்களுக்கு நோயே வராதுன்னு டாக்டருக்குத் தெரியும்,” என்றார் கன்னையா.

“கன்னையா, காசு எண்டால் நான்...”

“காசுக்காகச் சொல்லலைங்க. காசு இருக்கு.” கன்னையா பாய்ச் சுருளைக் கால்களுக்கு இடையே நிறுத்திக்கொண்டார். “அந்த மேசையில உக்காந்து, தொரைமாரு பாக்க, முள்ளுக் கரண்டியால என்னால திங்க முடியாது. அங்க நீங்க எனக்குத் தொணையா இருக்க மாட்டீங்க. காவலாத்தான் இருப்பீங்க. இவன் என்னா பண்ணிடுவானோன்னு பாத்துக்கிட்டே வருவீங்க.”

வீரசிங்கம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அது பொய் என்பது அவருக்கே தெரிந்தது. மூடிக்கொண்டார்.

இருவரும் சேர்ந்து போவார்களா, மாட்டார்களா? கதை இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் இதற்கே எனக்கு விடை தெரியாமல் மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது.

4

எழுதிப் பார்த்த முடிவுகள்:

வீரசிங்கம் மனம் மாறி டெக்கில் பாய் விரிக்கிறார். மேலே நட்சத்திரம், பக்கத்தில் நண்பர். ஆசையாகத்தான் எழுதினேன். மறுநாள் வாசித்தால், டெக்கில் எல்லோரும் எழுந்து “ஐயா, இப்பிடி வாங்க” என்று இடம் விடுகிறார்கள். கன்னையா அவருக்குத் தண்ணீர் மொண்டு தருகிறார். பினாங்கு வருவதற்குள் நண்பர் வேலைக்காரர் ஆகிவிட்டார். கிழித்தேன்.

கன்னையா சப்பாத்துப் போட்டுக்கொண்டு மேலே ஏறுகிறார். சாப்பாட்டு மேசையில் பரிமாறுகிறவன் அவர் காதில் குனிந்து, “உங்க ஐயா எங்கே?” என்று... (முடிக்கவில்லை. அந்த மனிதரை அங்கே உட்கார வைத்ததற்கு எனக்கே கூசியது.)

பயணமே நின்றுவிடுகிறது. இதுதான் நடக்கக்கூடியது. பத்திரிகைகளுக்கும் பிடிக்கும், ஒரு பெருமூச்சோடு முடித்துவிடலாம். ஆனால் நான் அலுத்துப்போனேன் என்பதற்காக அவர்களும் வீட்டிலேயே கிடக்க வேண்டுமா? எழுதுகிறவனின் களைப்பு ஒருவனுடைய ரங்கூனைப் பறிக்கக் கூடாது.

ஆகவே நான் யோசிப்பதை விட்டேன். அவர்களே பேசட்டும்.

5

“ரெண்டையும் எழுதுங்க,” என்றார் கன்னையா.

“எதை?”

“கப்பல் ஏஜெண்டுக்கு இன்னிக்கிக் காயிதம் எழுதணும்னீங்கல்ல. ஒங்களுக்கு மேல, எனக்குக் கீழ. ஊருல எறங்குனா ஒண்ணாத்தான நடக்கப் போறோம்? ரங்கூன்ல கப்பல விட்டு எறங்குற பாலத்துக்கிட்ட நிப்பேன். நீங்க கோட்டப் போட்டுக்கிட்டு மெதுவா வாங்க.”

“கடலிலை?”

“கடல்ல என்னா இருக்கு? தண்ணி.”

சொன்னதில் குற்றம் ஒன்றுமில்லை. சரக்குக் கணக்கில் பார்த்தால் ஒரே வண்டி, இரண்டு பெட்டி. ஆனால் வீரசிங்கத்துக்கு ஊர்கள்மீது அவ்வளவு ஆசை இருந்ததில்லை. ரங்கூனில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஒரு வேலையும் இல்லாமல், பிந்தினால் கேட்பார் இல்லாமல், இந்த மனிதரோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கலாம் என்றுதான் அவர் லீவைச் சேர்த்து வைத்திருந்தார். இதை அவர் சொல்லவில்லை. சொல்கிற மனிதர் அல்லர். மேசையண்டை போய் உட்கார்ந்து தாளை எடுத்தார்.

கடிதம் இங்கிலீஷில். எழுத எழுத, ஒவ்வொரு பாராவாகக் கன்னையாவுக்குத் தமிழில் சொன்னார், கந்தோர்க் குரலில். முதல் பாரா, பிரயாணிகள் இருவர். ஒருவர் இரண்டாம் வகுப்பு, ஒருவர் டெக்கு. இரண்டாம் பாரா, எந்தக் காரணத்தாலும் இருவரையும் வெவ்வேறு கப்பலில் ஏற்றக் கூடாது. “சரிங்க,” என்று கன்னையா எழுந்தார். பேனா நிற்கவில்லை. நானும் இரண்டு பாராவோடு முடித்துவிட நினைத்திருந்தேன்.

“மூண்டாவது,” என்றார் வீரசிங்கம். “திரும்பி வந்து சேர்ந்ததும் டெக்குப் பிரயாணிகளை முகாமிலை வைக்கிற வழக்கம் இருக்கிறபடியால், இரண்டாம் வகுப்புப் பிரயாணி ஒருவர், சொந்த விருப்பத்தின் பேரிலை, அவர்களோடு சேர்ந்து அடைபட்டிருக்க அனுமதி உண்டோ எண்டு தயவுசெய்து அறியத் தரவும். அதுக்கு விண்ணப்பப் படிவம் இருந்தால் ஒண்டு அனுப்பி வைக்கவும்.”

“உமக்கென்ன விசரோ மச்சான்?” என்றார் முத்துக்குமாரு. “கேட்டு வாங்கி மறியல் வீட்டுக்குள்ளை போறவன் ஆர்?”

“அங்கை அறையும் இல்லை, மேசையும் இல்லை. எல்லாருக்கும் ஒரே தரைதான்.”

“லீவு முடிஞ்சிடுமே,” என்றாள் குணபூசணி.

“பிந்தித்தான் வருவன் எண்டு கந்தோருக்கும் எழுதுவன்.”

“என்னெண்டு எழுதுவியள்?”

“அடைபட்டிருக்கிறன் எண்டு.”

அவள் மடியை உதறிக்கொண்டு எழுந்தாள். “சரி, அப்ப ஊறுகாய் கொஞ்சம் கூடப் போட்டு விடுறன்,” என்றாள்.

கன்னையா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நான் எழுத முயன்றேன்... (வேண்டாம், திரும்பியே நிற்கட்டும்.)

“விட மாட்டாங்கங்க,” என்றார் அப்படியே நின்றபடி. “இப்பிடி யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.”

“கேட்டுப் பாப்பம்.”

“சோறு வாயில வைக்க முடியாதாம்.”

“இருக்கட்டும்.”

6

ஏஜெண்டின் பதிலை நான் எழுதிப் பார்க்காமல் இல்லை. ஒன்றில் மறுத்தார். ஒன்றில் சிரித்துவிட்டுச் சரி என்றார். ஒன்றில் கேள்வியையே தாண்டிப்போய்க் கப்பல் தேதியை மட்டும் அனுப்பினார். மூன்றும் என் கையெழுத்தாகவே இருந்தன. எனக்கு இதற்குமேல் முடியாது. பினாங்கில் அந்த ஏஜெண்டின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காலைத் தபாலைப் பிரிக்கிறவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாராவை இரண்டு தரம் வாசிப்பீர்கள். படிவம் எதுவும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஏதாவது எழுதத்தான் வேண்டும்.

வீரசிங்கம் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டார். பசை காய்ந்திருந்தது. நாக்கால் தடவி, ஒட்டவில்லை என்று மறுபடி தடவி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். சாயங்கால ரயிலுக்குக் கன்னையாவோடு ஸ்டேஷன்வரை நடந்தார். தபால்பெட்டி முன்னால் உறையைக் கன்னையாவிடம் நீட்டினார். கன்னையா அதன் இரண்டு பக்கத்தையும் பார்த்தார், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார், போட்டார். அடியில் விழுந்த சத்தம் கேட்கும்வரை இருவரும் நின்றார்கள்.