விஞ்ச் மேல் வளர்ந்த பனி

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் நாக்கு உறைந்து பல்லோடு ஒட்டிக்கொள்ளட்டும். கடல்மேல் ஆணை, கரையிலிருக்கும் தேவாலயத்தின்மேல் ஆணை, அதற்குள் பாதிரியார் ஒளித்துவைத்திருக்கும் பாட்டில்மேலும் ஆணை.

அந்த ஜனவரியில் ‘ஸ்வாலா’ என்ற மீன்பிடிப் படகு ஐஸ்லாந்துக்கு வடக்கே புயலில் மாட்டிக்கொண்டது. குளிரென்றால் அப்படியொரு குளிர். துப்பினால் எச்சில் கோலிக்குண்டாகித் தளத்தில் உருளும். பாய்மரத்தில் உட்கார்ந்த கடற்காகம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கட்டையால் தட்டியெடுத்து அடுப்பருகே வைத்தார்கள். உருகியதும் ஒரு மீனைத் திருடிக்கொண்டு பறந்துபோயிற்று.

அந்த அடுப்புக்குச் சொந்தக்காரன் சமையல்காரன் ஹால்க்ரிம். அவன் மனைவி இலையுதிர் காலத்தில் அவனை விட்டுப் போயிருந்தாள். படகில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. கூட வலை இழுத்த பெர்சி மட்டும் அதைப் பாட்டாக்கினான். எங்கள் ஊரில் நாலு வரி பாட்டுக் கட்டத் தெரியாதவன் மீனவனே இல்லை. பெர்சியோ கட்டுவதில் மன்னன். தளத்தில் சூப்புப் பானையைக் கழுவ வந்த ஹால்க்ரிமை நிறுத்திவைத்துப் பாடினான்:

கல்லில் கொஞ்சம் உப்பும் போட்டுக்
கடலை ஊற்றிக் காய்ச்சி வைத்தான்;
பல்லை இழந்த பெண்டாட்டி போனாள்,
படகே, நீயும் ஓடிப் போயேன்!

“எப்படிடா இருக்கு?” என்று கேட்டான் பெர்சி. “கரைக்குப் போனா ஊரே பாடும் பாரு.”

பாடும் என்பது ஹால்க்ரிமுக்கும் தெரியும். நல்ல பாட்டுக்குச் சாவு கிடையாது. பேரன்கள் வாய்க்குக்கூட அது வந்து சேரும். பெர்சி வேறு யாருக்கும் பாடிக்காட்டும் முன் நிறுத்த வேண்டும் என்ற ஒரே நினைப்பில் பானையால் அவனைத் தள்ளினான். பெர்சி சறுக்கி, வலை இழுக்கும் விஞ்ச் எந்திரத்தில் பின்மண்டை மோத விழுந்தான். பிறகு எழவில்லை.

ஹால்க்ரிம் குனிந்து கூப்பிட்டான். கன்னத்தில் தட்டினான். அதற்குள் அலைச்சாரல் ஒன்று இருவர்மேலும் விழுந்து உறைந்தது. அடுத்த சாரலில் பெர்சியின் முகம் வெள்ளையாயிற்று. அதற்கடுத்ததில் முகமே இல்லை, விஞ்ச்சைச் சுற்றி ஒரு பனிமேடுதான். ஆட்களைக் கூப்பிடத்தான் உள்ளே ஓடினான். வாய் வேறு சொல்லிற்று.

“பெர்சியை அலை அடிச்சிட்டுப் போயிடுச்சு.”

கேப்டன் அஸ்முந்த் தொப்பியைக் கழற்றினார். முப்பத்திரண்டு வயதுக்காரர், ஆனால் கேப்டன் யாரானாலும் எங்களுக்குக் ‘கிழவர்’தான். படகைத் திருப்பித் தேடினார்கள். அந்தக் கடலில் எதைத் தேடுவது?

தேடியது போதும் என்றானபோது படகுக்கே ஆபத்து வந்துவிட்டது. விழுகிற சாரலெல்லாம் உறைந்து, கம்பி ஒவ்வொன்றும் தூண் பருமனானது. மேலே கனம் ஏறினால் படகு கவிழும். ஆளுக்கொரு மரச்சம்மட்டியோடு எல்லோரும் பனியுடைக்க இறங்கினார்கள். தாளத்துக்கு யாரோ பாட வேண்டுமே. இங்வி என்ற வலைக்காரன் தொடங்கினான்:

“கல்லில் கொஞ்சம் உப்பும் போட்டு...”

ஹால்க்ரிமின் கையிலிருந்து சம்மட்டி நழுவியது. “இது உனக்கெப்படித் தெரியும்?”

“கட்டினதும் எங்ககிட்டதான்டா முதல்ல பாடினான். கோவிச்சுக்காத. செத்தவன் கடைசியாக் கட்டின பாட்டு, மரியாதைக்காவது பாடணும்ல?”

எல்லோரும் கண்ணீரோடு, அடிக்கு ஒரு சீராக, அதையே பாடி உடைத்தார்கள். கண்ணீர் கன்னத்தில் ஊசியாய்த் தொங்கியது. ஒரு மனிதனைக் கொன்றும் ஒரு வரியைக்கூடக் கொல்ல முடியவில்லை என்பது ஹால்க்ரிமுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் விஞ்ச்சின் முன்னால் போய் நின்றான்.

“இதை நான் பாத்துக்கறேன். யாரும் தொட வேணாம்.”

“பெரிய மேட்டையே எடுத்துக்கிட்டான் பாரு!” என்றான் இங்வி. “சூப்புக்குப் பரிகாரம் பண்றான்.”

ஹால்க்ரிம் ஓரத்தை மட்டும் சுரண்டினான். ஓங்கிய அடியெல்லாம் கடைசி நொடியில் பூவாய் விழுந்தது. பனி வளர்ந்துகொண்டே போயிற்று. முதலில் இடுப்புயரம், பிறகு ஆளுயரம். உள்ளே குளிருமே என்று அவனுக்கு ஒரு முறை தோன்றியது. வலப்பக்கம் சாய்ந்த படகு நிமிர ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது.

“ஏய் சமையலு!” கிழவர் மேலிருந்து கத்தினார். “என்னடா அதைக் கொஞ்சிட்டிருக்க? அடி! அந்தக் கனம்தான் இழுக்குது!”

“அடிக்கறேன் கேப்டன்.”

“இங்வி, நீ போய் உடை!”

“வேணாம்!” என்றான் ஹால்க்ரிம். “என் மேடு இது!”

அந்த நேரம் பெரிய அலையொன்று வந்தது. படகு சாய்ந்தது, சாய்ந்தபடியே கிடந்தது. பாட்டு நின்றுபோயிற்று. இங்வி ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினான். இப்படியே இருந்தால் எல்லோரும் அடிக்குப் போவார்கள், யாருக்கும் எதுவும் தெரியவராது. ஹால்க்ரிமுக்கு அந்த நினைப்பு இனித்தது. இனித்ததே என்றுதான் அவன் பயந்தான். சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கி முழு பலத்தோடு அடித்தான். மறுபடி அடித்தான். மேடு பிளந்து பாதி சரிந்து கடலில் விழுந்தது. படகு முனகிக்கொண்டே நிமிர்ந்தது.

மீதிப் பாதியில் கம்பளிக் கையுறை போட்ட ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது.

“நான்தான்,” என்றான் ஹால்க்ரிம். “அலை இல்ல. நான்தான் தள்ளினேன்.”

“எதுக்குடா?” என்றான் இங்வி.

“அந்தப் பாட்டுக்கு.”

பிறகு கிழவர் இறங்கிவந்து கையுறையைத் தொட்டுப் பார்த்தார்.

“நல்ல பாட்டுடா அது,” என்றார்.

“ஆமா,” என்றான் ஹால்க்ரிம். “ரொம்ப நல்ல பாட்டு.” கொலையை ஒப்புக்கொண்டபோது வராத அழுகை அப்போதுதான் அவனுக்கு வந்தது.

அவனைக் கட்டிப்போடவில்லை. வேறு யாருக்கும் சமைக்கத் தெரியாது. கரை சேரும்வரை அவனே சூப்பு வைத்தான். அவர்கள் கிண்ணத்தைக் காலி செய்தார்கள், உப்பைப் பற்றி ஒரு கேலியும் இல்லை, மீனைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் இல்லை. யாராவது திட்டமாட்டார்களா என்று அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் கிழவர் கைகாட்டும் முன்பே தானாக இறங்கிப் போலீஸ்காரரிடம் நடந்தான்.

ஆணையிட்டுவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கடல் ஒத்துக்கொள்ளாது என்பதால் பெர்சி தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் படகில் கால் வைத்ததில்லை. என் நாக்குதான் ஏனோ இப்போது பல்லில் ஒட்டுகிறது.