இடம் என் பொறுப்பு

தண்ணீர் குடிக்காமல் இருப்பதில் நான் கைதேர்ந்தவள். காலையில் அரை டம்ளர் காப்பி, அப்புறம் வீடு வந்து சேரும் வரைக்கும் ஒன்றுமில்லை. வெளியூர்க் கல்யாணம், கோயில் கொடை, பஸ் பயணம் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். ஆண்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு ஊரில் உள்ள சுவரெல்லாம் சொந்தச் சுவர்.

சங்கரன்கோவிலில் மோட்டார், பைப்பு, கதவு விற்கும் கடையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். முதலாளி வேல்சாமி அண்ணாச்சி. மோட்டார் மாட்டிக் கொடுக்கிறவர் பேச்சிராஜ். விற்பனைக்கு நிற்கிற இளவட்டம் லிங்கேஷ். கடையில் நான் ஒருத்திதான் பெண். வருடத்துக்கு ஒரு தடவை அண்ணாச்சி எங்களை டூர் கூட்டிக்கொண்டு போவார். நல்ல மனசுக்காரர், குறை சொல்லக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் போனேன். அருவி, மலை, வேன் நிறையப் பாட்டு. விடிகாலையிலிருந்து ராத்திரி வரைக்கும் ஒதுங்க இடமில்லை. சிரித்துச் சிரித்தே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்த மறுநாள் நீர்க்கடுப்பு பிடித்து ஐந்து நாள் படுக்கை. கடையில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். போன வருடம் சொந்தத்தில் ஒரு சடங்கு என்று பொய் சொல்லித் தப்பித்தேன். அவர்கள் போய் வந்து மூன்று மாதம் அந்தக் கதையையே பேசினார்கள். நான் பைப்பை அளந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். எரிச்சலாக வந்தது. எனக்கும் போக ஆசை இருக்காதா? நிறைய இருந்தது.

இந்த வருடம் லிங்கேஷ் ஒரு புதுசைக் கொண்டுவந்தான். கேம்ப். சனிக்கிழமை போய் டென்ட் அடித்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புவது. தீபாவளி முடிந்த மறுவாரம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அண்ணாச்சி சொன்னதும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வீட்டில் சொல்லிவிட்டேன். என் மகள் பொன்செல்வி ஒன்பதாம் வகுப்பு. மறுநாளே பள்ளிக்கூடம் பூராவும் தான் டென்ட்டில் தூங்கப்போவதாகப் பரப்பிவிட்டாள்.

லிங்கேஷ் ஃபோனில் மூன்று இடம் பார்த்து வைத்திருந்தான். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"மாரித்தாயி, நீ கிடையில கெடந்து வளந்தவ. நேர்ல பாத்து நீ ஆகும்னு சொன்னா போவோம், ஆகாதுன்னா விட்டுருவோம். எடம் ஒம் பொறுப்பு."

அவர் சொன்னது சரிதான். கல்யாணம் ஆகும்வரை எனக்கு மேலநீலிதநல்லூர்ப் பக்கம். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை மடக்கிப் படுக்கவைத்து உரம் சேர்க்கிற கிடைத் தொழில் எங்களுக்கு. ஊர் ஊராகப் போய் வெட்டவெளியில் படுத்து எழுந்திருப்போம். எங்கே படுக்கலாம், எங்கே படுக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஆனால் அங்கே சுற்றிலும் கும்மிருட்டு, எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர வேறு நடமாட்டம் கிடையாது. ஒதுங்குவது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. கேம்ப் நடத்துகிறவர்களோ மரத்துக்கு மரம் சீரியல் லைட் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அவரவர் தேவையை அவரவர் சொன்னார்கள். லிங்கேஷுக்கு சிக்னல் வேண்டும். அண்ணாச்சிக்குக் கறி சமைக்க வசதி வேண்டும். பேச்சிராஜுக்கு யானை வராத இடம் வேண்டும். "பாம்புக்கு நம்ம கோயில் புத்துமண்ணு இருக்கு, டென்ட்டச் சுத்திப் போட்டுக்கிடலாம்" என்றார். எனக்கு வேண்டியதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மறுநாளும் அவர்கள் முகத்தில்தானே முழிக்க வேண்டும்.

இடம் பார்க்க அந்த வார ஞாயிற்றுக்கிழமையே அண்ணாச்சி காரில் கிளம்பினோம். முதல் இடம் புளியங்குடிக்கு மேற்கே ஒரு எலுமிச்சைத் தோட்டம். இறங்கியதுமே எனக்குப் பிடித்துவிட்டது. மேடான செம்மண் தரை, மழை பெய்தாலும் நிற்காமல் வழிந்துவிடும். காற்றைத் தடுக்க வடபக்கம் மரங்கள். கிடை போட இப்படி ஒரு இடம் கிடைத்தால் ஒரு மாதம் நகர மாட்டோம். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் பின்பக்கம் போனேன். பாத்ரூமுக்குத் தோள் உயரத்துக்குத் தகரம், வாசலில் கதவுக்குப் பதில் ஒரு சாக்கு. சாக்கிலும் ஓட்டை.

திரும்பி வந்து காலால் மண்ணைக் கிளறினேன். இரண்டு பிள்ளையார் எறும்பு ஓடியது. அது கடித்தால் கடித்ததே தெரியாது.

"இது ஆகாது அண்ணாச்சி. எறும்பு. ராத்திரி பிடுங்கி எடுத்துரும்."

"கேட்டுக்கிடுங்கலே" என்றார் அண்ணாச்சி பெருமையாக. எனக்குக் குறுகுறுவென்று இருந்தது. ஆனாலும் சாக்கு சாக்குதான்.

இரண்டாவது இடம் பனவடலிசத்திரம் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவே ஒரு மேட்டுக் காடு. லிங்கேஷ் இறங்கியதும் ஃபோட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டான். அங்கே பாத்ரூமுக்குச் சுவர் இருந்தது, கதவும் இருந்தது. உள்ளே தாழ் போடக் கொண்டி மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. காவலுக்கு இருந்தவரிடம் கேட்டேன்.

"உள்ள இருக்கையில ஒரு பாட்டுப் பாடுங்கம்மா, ஆரும் வரமாட்டாவ" என்றார்.

ராத்திரி பூராவும் நானும் என் மகளும் மாற்றி மாற்றிப் பாட வேண்டியதுதான். நேராக அண்ணாச்சியிடம் வந்தேன்.

"காத்து அண்ணாச்சி. டென்ட்டத் தூக்கிட்டுப் போயி அடுத்த ஊர்ல போட்டுரும்."

லிங்கேஷுக்கு முகம் தொங்கிவிட்டது. "நெட்ல எல்லாரும் நல்லாருக்குன்னு போட்டுருக்கான் அக்கா."

"போட்டவன் ஒருத்தன்கூட ஐப்பசியில வந்து படுத்திருக்க மாட்டான்" என்றேன். வாய் மட்டும் எனக்குக் குறைச்சல் இல்லை.

மூன்றாவது இடம் சிவகிரிக்கு மேற்கே, மலையடிவாரத்துத் தென்னந்தோப்பு. போகும்போதே பெண்களுக்குத் தனியாக மூன்று பாத்ரூம் வரிசையாகத் தெரிந்தது. நான் யாருக்கும் காத்திருக்கவில்லை. உள்ளே போனேன். வெள்ளை டைல்ஸ், குழாய் திறந்தால் தண்ணீர், வாளி, மக்கு, துண்டு மாட்ட ஆணி. கதவில் மேலே ஒரு கொண்டி, கீழே ஒரு கொண்டி. போட்டேன், எடுத்தேன், மறுபடியும் போட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து இடத்துக்காரரிடம் செம்பு வாங்கி ஒரு செம்புத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்தேன்.

"டென்ட் எங்கன போடுவிய?" என்று கேட்டேன்.

இடத்துக்காரர் கீழே கூட்டிக்கொண்டு போனார். தோப்பை ஒட்டி மெத்தை போல மணல். எதிரே மலை. கரையெல்லாம் நாணல். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தார். பேச்சிராஜ் படுத்தே பார்த்தார். லிங்கேஷ் வீடியோ எடுத்தபடி சுற்றினான்.

நான் நாணலைப் பார்த்தேன். ஒரு ஆள் இடுப்பு உயரத்தில் காய்ந்த சருகும் பிளாஸ்டிக் பையும் சுற்றிக் கிடந்தன. எல்லாச் செடியிலும் மலையைப் பார்த்த பக்கத்தில் மட்டும். வெள்ளம் வந்து போன தடம். நாங்கள் நின்றது ஓடைக்குள். மேலே மலையில் மழை கொட்டினால் இங்கே ஒரு தூறல்கூட இல்லாமல் தண்ணீர் இறங்கும். தூங்குகிறவனுக்கு எழுந்திருக்க நேரம் இருக்காது.

"அக்கா, இதையும் ஆகாதுன்னு சொல்லிராதிய" என்றான் லிங்கேஷ்.

"சொல்லு தாயி, முடிச்சிருவோமா?" என்றார் அண்ணாச்சி.

அந்த நேரம் என் மனசு போன போக்கை மறைக்க விரும்பவில்லை. ஒரே ஒரு ராத்திரிதானே, அன்றைக்கென்று பார்த்தா மழை வரப்போகிறது என்று நினைத்தேன். இதை விட்டால் இனி எந்த வருடமும் கிடையாது என்று நினைத்தேன். இரண்டு கொண்டி. அப்புறம் அந்த மணலில் என் பிள்ளை சுருண்டு படுத்துக் கிடப்பது மனசில் வந்தது.

"இது ஓடை அண்ணாச்சி. இங்கன படுக்கக் கூடாது."

"பத்து வருசமா இதுல சொட்டுத் தண்ணி வரலம்மா" என்று சிரித்தார் இடத்துக்காரர்.

லிங்கேஷுக்குப் பொறுமை போய்விட்டது. "மொத எடத்துல எறும்பு. ரெண்டாவது எடத்துல காத்து. இப்பம் இல்லாத தண்ணி. ஒங்களுக்கு வர மனசில்லன்னா நேராச் சொல்லிருங்க அக்கா."

அண்ணாச்சியும் சந்தேகமாகத்தான் பார்த்தார். இரண்டு பொய்யை நம்பியவர்கள் மூன்றாவதாக வந்த உண்மையை நம்பவில்லை. தப்பு என்னுடையது. அதற்காகக் கோபம் வராமல் இருக்குமா?

"எறும்பு பொய்தாம்லே! காத்து பாதிப் பொய். எலுமிச்சத் தோட்டம் மாதிரி எடம் எங்கயும் கெடைக்காது. அங்கன கக்கூஸ் வாசல்ல சாக்குத் தொங்குது. ரெண்டாவது எடத்துல கொண்டி இல்ல, பாட்டுப் பாடணுமாம். எம் மவ வயசுக்கு வந்த பிள்ள. நாங்க எங்க போவோம்? அன்னைக்கு அருவிக்குப் போயிட்டு வந்து காய்ச்சல்னு படுத்தேன்லா? அது காய்ச்சல் இல்ல. ஒருநாப் பூரா அடக்கி வச்சிருந்து வந்த நீர்க்கடுப்பு. இங்கன கக்கூஸ் ராசா வீட்டுக் கக்கூஸ். எனக்கு இந்த எடம்தான் வேணும். ஆனா இதுல பிள்ளையப் படுக்கவைக்க மாட்டேன். நீங்களும் படுக்கக் கூடாது."

லிங்கேஷ் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டான். பேச்சிராஜ் எழுந்து போய் நாணலில் சுற்றியிருந்த பையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"மாரித்தாயி சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. போன மழைக்கு இதே ஓடைக் கரையில ஒரு மோட்டார் ரூமு முங்கிட்டு. நான்தான் வந்து கழத்துனேன்."

இடத்துக்காரர் தென்னை மரத்தை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். காருக்குப் பக்கத்தில் வந்துதான் வாயைத் திறந்தார்.

"ஏன் தாயி, நாம என்ன யாவாரம் பண்ணுதோம்?"

"மோட்டார், பைப்பு அண்ணாச்சி."

"கதவு?"

குடோனில் பிளாஸ்டிக் கதவு அடுக்கிக் கிடக்கிறது. தினமும் அதற்குக் கொண்டியும் சேர்த்து நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

"தகரத்த ஒசத்திக் கட்டி, ஃபிரேம் வச்சு மாட்டிரலாம் அண்ணாச்சி. பைப்பும் இழுத்துரலாம். அரைநா வேல" என்றார் பேச்சிராஜ்.

"நானும் வாரேன்" என்றான் லிங்கேஷ். அப்புறம் என்னைப் பார்க்காமலே, "சொல்லிருந்தா மொத எடத்துலயே முடிச்சிருக்கலாம்லா அக்கா" என்றான். அவன் கேட்டது நியாயம்தான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உடம்பு லேசானது போலவும் இருந்தது.

எலுமிச்சைத் தோட்டத்துக்காரரிடம் ஃபோனில் பேசி முடித்தார்கள். சும்மா கதவு வருகிறது என்றால் யார் வேண்டாமென்பார்கள்? அதற்கப்புறமும் அண்ணாச்சி காரில் ஏறாமல் நின்றார்.

"எங்க வீட்டுக்காரிய நானும் வருசா வருசம் கூப்புடுதேன். மலைக்குப் போனா தல சுத்தும்பா" என்றார் பொதுவாக. பிறகு ஃபோனை எடுத்தார்.

"ஆவுட, ஒண்ணு கேக்குதேன், மறைக்காமச் சொல்லு. நீ டூருக்கு வராதது கக்கூஸுக்காவவா?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று அண்ணாச்சி காதிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "ஒன்கிட்டதான் பேசணுமாம்."

"மதினி" என்றேன்.

"இவுகளுக்கு ஆரு சொன்னா? நீயா?"

"ஆமா மதினி."

"அங்கன கதவு இருக்காடி?"

"நாமதான் மாட்டப் போறோம். உள்பக்கம் ரெண்டு கொண்டி."

ஆவுடையம்மாள் மதினி மூச்சு விடுவது கேட்டது. "தல சுத்தும்னு சொல்லிச் சொல்லியே பதினெட்டு வருசமாச்சு" என்றார். "நானும் வாரேன்னு சொல்லிரு" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

"என்ன சொல்லுதா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"மதினியும் வாராகளாம்."

"தல சுத்துமே?" என்றார், நிஜமான கவலையோடு.

"சுத்தாது அண்ணாச்சி" என்றேன்.