நான்காம் தடத்தில் ஒரு மூச்சு

1

இந்தக் கதையை ஒரு பொய்யோடு தொடங்கியிருந்தேன்: 'அன்று நல்ல மழை.' மழையெல்லாம் இல்லை. 1973, கிங்ஸ்டன் நகரம், பகல் இரண்டு மணி. இரைச்சல் இசையைக் கெடுக்குமென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில் வியர்த்துக்கொண்டிருந்தோம். நான் அங்கே ஒலிநாடா ஓட்டுபவன். ஏன் எழுதுகிறேன் என்றால், அன்று பொத்தானை அழுத்தியது என் விரல்.

2

பாட்டிலிருந்து குரலை நீக்கி, மேளத்தையும் பேஸ் கிதாரையும் மட்டும் இசைத்தட்டின் மறுபக்கத்தில் போடுவது அப்போது ஊரெங்கும் பித்தாக இருந்தது. நடனமாடும் களத்தில் வாய்ச்சாலக்காரர்கள் அதன்மேல் தாளத்துக்கேற்பப் பேசுவார்கள். (கட்டுரையாகிறது. போதும்.)

ஹார்டென்ஸ் பாடிய பாட்டை ஒலிப்பதிவாளர் எவ்ரார்ட் அப்படி ஆக்கிக்கொண்டிருந்தார். அவள் இரைப்பு நோயில் இறந்து ஒரு வாரம். இறந்தவரை வழியனுப்பும் ஒன்பதாம் இரவுச் சடங்குக்கு இரண்டு நாள் இருந்தது. பாட்டு இன்னும் வெளிவரவில்லை. அவள் குரல் இருந்தது அந்த ஒரே நாடாவில்தான். அதைக் கேட்டுப்போக வந்திருந்தாள் தங்கை மர்னா.

3

குரல் பதிந்த நான்காம் தடத்தை எவ்ரார்ட் மூடினார். மேளம் ஓடியது. நடுவில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"அக்கா," என்றாள் மர்னா.

"எலி ஓடினாக்கூட உங்க அக்காதானாம்மா?" என்றார் எவ்ரார்ட்.

மறுபடி ஓட்டினேன். மூச்சு இன்னும் நீளமாக இழுபட்டது. எவ்ரார்ட் அந்தத் தடத்தின் கம்பியையே பிடுங்கினார். அப்போதும் கேட்டது. பிறகு அவர் கேலி பேசவில்லை.

(இங்கே மர்னாவை அழவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.)

"உள்ள இழுத்துக்கிட்டே இருக்கா. வெளிய விடவே இல்ல," என்றாள். "கடைசி நாளும் இப்படித்தான் கெடந்தா. அழிச்சிடுங்க."

"பாட்டும் போயிடும்மா. வேற நாடா கெடையாது."

"அவளுக்கு மூச்சு முட்டுற பாட்டு எனக்கு எதுக்குண்ணே?"

எவ்ரார்ட் எழுந்து வெளியே போய்விட்டார். மர்னா என் பக்கம் திரும்பினாள்.

"நீ அழுத்து."

4

நான்காம் தடத்தை மட்டும் அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். மூன்று நிமிடம் பதினோரு நொடி. ஹார்டென்ஸின் குரல் உலகத்தில் இல்லாமல் போனது.

பிறகு நாங்கள் இருவரும் அந்த நாடாவை ஓட்டிப் பார்த்தோம். மேளம் வந்தது. பேஸ் வந்தது. அந்த இடம் நெருங்கியதும் மர்னா என் மணிக்கட்டைப் பிடித்து

இந்த வாக்கியத்தைப் பதினேழு முறை முடித்திருக்கிறேன். சிலவற்றில் வெறும் மேளம். சிலவற்றில் யாரோ மூச்சை மெதுவாக, முழுவதுமாக, வெளியே விடுகிறார்கள். எது நடந்ததென்று யாரிடமும் சொல்லாதே என்றாள் மர்னா, சொல்லமாட்டேன். எதைக் கேட்டிருந்தால் உங்களால் விளக்கை அணைத்துத் தூங்க முடியுமோ, அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றது என்னிடம் இருக்கட்டும்.