குட்டியைப் பிடித்தவன்

சாலிகாவிடம் ஒருநாளும் சிவப்பு முக்காடு இருந்ததில்லை. இதை அவள் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வாள். ஆனால் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்துவிட்டால் போதும், அந்தச் சிவப்பு முக்காட்டின் ஓரத்தில் தொங்கிய குஞ்சம்வரை அவளுக்கு ஞாபகம் வந்துவிடும். இது என்ன கூத்து என்று அவளுக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பாட்டை எழுதியவர் எசென்குல். நாரின் என்ற மலை மாவட்டத்தில் அவர் பாட்டு இல்லாமல் கல்யாணம் நடக்காது. மேய்ச்சல் வெளியில் குதிரைப்பால் கறக்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதியது ஒன்றா இரண்டா, ஒரு புத்தகம் நிறைய. அந்தப் பெண் மண்டியிட்டுக் கறக்கிறாள், குட்டி தாயின் கழுத்தை முட்டுகிறது, கவிஞன் பாறைமேல் உட்கார்ந்து பார்க்கிறான், கடைசியில் அவள் சிவப்பு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் போன வழியைப் பார்த்து நிற்கிறாள். அந்தப் பெண் சாலிகாதான் என்று ஊர் முடிவுகட்டிப் பல வருஷம் ஆகிறது. கவிஞரை யாராவது கேட்டால் சிரிப்பார். ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. சிரித்துவிட்டு அவர் தலைநகருக்கு பஸ் ஏறிவிடுவார்; பதில் சொல்ல முடியாமல் ஊரில் கிடந்து திண்டாடியது சாலிகா.

திண்டாட்டத்துக்குக் காரணம் இருந்தது. எசென்குல் அவள் கணவன் கல்மாத்தின் கூடப் பிறந்த அண்ணன்.

கவிஞர் செத்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இப்போது அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு விழா. மாவட்ட அருங்காட்சியகத்திலிருந்து நாசிரா என்ற பெண் வந்தாள். நல்ல பெண், வறுத்த மாவுப் பணியாரத்தை ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்றாள். தின்றுகொண்டே சொன்னாள்:

"சனிக்கிழமை நீங்க மேடைக்கு வரணும் அக்கா. மாவட்டத் தலைவரே உங்களுக்கு மரியாதை அங்கி போர்த்துவார். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். 'எசென்குல் பாடினது என்னைத்தான்'னு ஒரே ஒரு வார்த்தை. அத நாங்க பதிவு பண்ணி, மியூசியத்துல வர்றவங்க கேக்கற மாதிரி வச்சிருவோம்."

"அந்தப் பேர நான் சொல்லக் கூடாதும்மா," என்றாள் சாலிகா.

நாசிரா நகரத்தில் வளர்ந்தவள். ஆனாலும் தெரியாமல் இருக்குமா. ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தவள் மாமனார் பெயரை, மச்சாண்டார் பெயரை, புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. அவளாகவே வேறு பெயர் வைத்துக்கொள்வாள். சாலிகா மச்சாண்டாருக்கு வைத்த பெயர் 'படிச்சவர்'. புருஷனுக்கு 'எங்க வீட்டாளு'. வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"இந்தக் காலத்துல யாருக்கா அதெல்லாம் பாக்கறாங்க," என்று சிரித்தாள் நாசிரா.

அப்போதுதான் அது நடந்தது. அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த கல்மாத், காலியான கிண்ணத்தை மனைவியிடம் நீட்டாமல், கையை எட்டிக் கெண்டியை எடுத்துத் தானே தேநீர் ஊற்றிக்கொண்டான். குடித்தான். எழுந்து போய்விட்டான். வேறு ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. இந்த ஊரில் மனைவி எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஆண்பிள்ளை தானே தேநீர் ஊற்றிக்கொண்டால், கதவை அறைந்து சாத்தியதைவிடப் பெரிய பேச்சு அது.

மறுநாளும் அவன் தானே ஊற்றிக்கொண்டான். அதற்கு மறுநாளும்.

சேதி கேட்டு நாத்தனார் ஷார்பத் வந்துவிட்டாள். ஷார்பத் கல்மாத்துக்குத் தங்கை. அவள் வாய்க்கு ஊரில் பூட்டுக் கிடையாது.

"என்ன அண்ணி, ஒன்னையக் கல்லுல செதுக்கப் போறாங்களாமே. கழுத்துச் சுருக்கத்தோடயா, சுருக்கம் இல்லாமலா?"

"நீ வேற. ஒங்கண்ணன் மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"எதுக்கு அண்ணி இந்தத் தவிப்பு? படிச்ச அண்ணன் மேல ஒனக்கு மனசு இருந்துச்சா இல்லையா, அதச் சொல்லிட்டுப் போ."

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

ஷார்பத் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "எங்கம்மா ஒங் காதுல தோடு போட வந்தாங்கள்ல, அப்ப யாருக்குன்னு நெனச்சு தலையக் குனிஞ்ச?"

அதுதான் கேள்வி. அதைத்தான் சாலிகாவும் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மலை மேய்ச்சல் முடிந்து எல்லாரும் இறங்கிய இலையுதிர்காலத்தில் அவர்கள் அம்மா வந்து, "எங்க பையனுக்கு" என்று சொல்லி நிச்சயத் தோட்டை மாட்டினாள். எந்தப் பையனுக்கு என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் இரண்டு பையன்கள். மூத்தவன் இருக்க இளையவனுக்கு யாரும் பேசமாட்டார்கள். அதனால் மூத்தவனுக்கு என்று அவள் நினைத்திருக்கலாம். கல்யாணப் பெண் எந்தப் பையன் என்று கேட்டால் வெட்கம் கெட்டவள் என்பார்கள், அதனால் கேட்கவில்லை. மூத்தவன் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நகரத்திலிருந்து சொல்லி அனுப்பியதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரியும். கல்யாணத்தன்று பந்தல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் திரைக்குக் கீழே ஒரு ஜோடி பூட்ஸைப் பார்த்தாள். பால் தெறித்துக் காய்ந்த பூட்ஸ். கல்மாத்துடையது. நெஞ்சு ஒரு முறை திக்கென்றது. அதுவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தத் திக் சந்தோஷத்திலா, ஏமாற்றத்திலா? அங்கேதான் எல்லாம் குழம்பிப் போகிறது. யோசிக்க யோசிக்க பாட்டு வந்து குறுக்கே நிற்கிறது. சொந்த ஞாபகம் என்று ஒன்றைப் பிடித்து இழுத்தால், இல்லாத சிவப்பு முக்காடு கையோடு வருகிறது. தன் வாலிபத்தை யாரோ எடுத்து உடுத்திப் பார்த்துவிட்டு மடிப்பு மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. சாலிகாவுக்குக் கோபம்கூட வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் லாயத்துக்குப் போனாள். கல்மாத் குதிரைக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான்.

"நான் நாளைக்குப் போகல," என்றாள்.

"போ. போகாம இருந்தா அதுக்கும் ஒரு பாட்டு கட்டுவானுங்க."

"அப்ப எதுக்கு நீங்களே டீ ஊத்திக்கறீங்க? ஏதாவது கேக்கணும்னா கேளுங்க. இத்தன வருஷமா ஒரு வார்த்த கேட்டதில்ல."

அவன் குதிரையின் பிடரியில் ஒட்டியிருந்த துரும்பை எடுத்தான். எடுத்த துரும்பையே பார்த்துக்கொண்டு பேசினான். "அந்தப் பாட்டுல எல்லாரும் இருக்காங்க. நீ இருக்க. குதிர இருக்கு. குட்டி இருக்கு. பாறமேல அவன் இருக்கான். குட்டியப் பிடிச்சிட்டு நின்னது யாரு?"

சாலிகா துரும்பு ஒட்டிய அவன் கையைப் பார்த்தாள்.

குட்டியைத் தாய் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் குதிரை பால் விடாது. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் கூடாரம் போட்ட அந்தக் கோடை முழுக்க, அவள் கறந்த ஒவ்வொரு வேளையும் குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கல்மாத். பாறைமேல் உட்கார்ந்தவன் அவனைப் பார்க்கவே இல்லை. ஊர் ஊராகப் பாடியவர்களும் கேட்கவில்லை. அதைவிட, அவளுக்கே இத்தனை வருஷத்தில் அது தோன்றவில்லை.

"நீ அவனக் கூப்பிடுவ," என்றான் கல்மாத். "'எசென்குல், வாங்க, குதிரப்பால் குடிக்கற பக்குவமா புளிச்சிருக்கு, குடிங்க'ன்னு. குதிரைக்கு அந்தப் பக்கம் நின்னு நான் கேட்டுட்டே இருப்பேன். அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. நம்ம வீட்டுக்கு வந்தப்புறம் நீ அந்தப் பேர சொல்லவே இல்ல. சொல்லக் கூடாது, சரி. வழக்கம். ஆனா வழக்கத்துக்காகச் சொல்லலையா, வேற எதுக்காகவும் சொல்லலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கே தெரியலையே."

"அதான். ஒருதடவ சொல்லு. ஒங் குரல்ல எனக்குத் தெரிஞ்சிரும்."

அவள் வாயைத் திறந்தாள். மாமியார் கட்டிவைத்த லாயத்தில், அந்த வீட்டு எல்லைக்குள் நின்றுகொண்டு அந்தப் பெயர் வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனான். பயமாக இருந்தது அவளுக்கு. பெயரைச் சொல்லி, அந்தப் பழைய குரல் உண்மையிலேயே வெளியே வந்துவிட்டால்? இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்த வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்?

மறுநாள் கலாசார மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் வண்ணக் கம்பளம், அதன்மேல் ஒரு நாற்காலி, நாற்காலியில் சாலிகா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். தலைவர் அங்கியைப் போர்த்தினார். அது தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் ஷார்பத். கல்மாத் கடைசியில், கதவோரம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கென்று முன்னால் நாற்காலி போட்டிருந்தும் உட்காரவில்லை.

நாசிரா மைக்கை நீட்டினாள். "சொல்லுங்க அக்கா."

சாலிகா கதவோரம் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"எசென்குல்."

ஷார்பத் ஐயையோ என்று தன் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் மச்சாண்டார் பெயரை ஊர் நடுவே சொல்லிவிட்டாள். சாலிகா தன் குரலையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அந்தப் பழைய குரல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாசலில் நின்று அடுத்த ஆளைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவள் குரல். அவ்வளவுதானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. நம்பாமல் இன்னொரு முறை சொன்னாள். அதே நர்ஸ்.

"எசென்குல் பாடினது என்னையான்னு எனக்குத் தெரியாது," என்றாள். "அவர் உக்காந்து பாத்தாரு. நல்ல மனுஷர். பால் கேட்டாரு, குடுத்தேன். எங்கிட்ட சிவப்பு முக்காடு கெடையாது. பழுப்பு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் அக்காவோடது. பாட்டுல இருக்கற பொண்ணு நல்லா இருக்கா. அவ யாருன்னு எனக்கும் தெரிஞ்சா நல்லாத்தான் இருக்கும்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் கைதட்டலாமா வேண்டாமா என்று பக்கத்தில் பார்த்தார். நாசிராவின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் பொறுப்பான பெண், வேலையை விடவில்லை.

"பரவால்ல அக்கா. பதிவுக்காக ஒங்க பேர், ஒங்க வீட்டுக்காரர் பேர் மட்டும் சொல்லிருங்க."

"சாலிகா," என்றாள். "எங்க வீட்டாளு பேரு..."

அதற்கென்ன, சொல்லிவிடலாம் என்றுதான் தொடங்கினாள். பெரிய வழக்கத்தையே உடைத்தாயிற்று, இது என்ன. அந்தக் கோடையில் நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்திய பெயர்தான், குட்டியை விடாதே, இறுக்கிப் பிடி என்று. வாயைத் திறந்தாள். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. முகம் சூடேறியது. தோடு மாட்டிய அன்றைக்குப்போல இரண்டு காது நுனியும் எரிந்தன. இன்னொரு முறை முயன்றாள். மூச்சுதான் வந்தது. அறுபதைத் தாண்டியவள், அங்கி போர்த்திய மேடையில், முக்காட்டு நுனியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. ஷார்பத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சொல்லு அண்ணி, சொல்லு" என்று முன்வரிசையிலிருந்து கத்தினாள். சாலிகா தலையைக் குனிந்து இல்லை இல்லை என்று ஆட்டினாள். எதற்கு இப்படி ஆகிறது என்று அவளுக்குப் புரியவே இல்லை. குழப்பம் தீர்ந்ததா கூடியதா என்றும் தெரியவில்லை. காது மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

"விடும்மா," என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கல்மாத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "அவ சொல்லமாட்டா."

அன்றைக்கு வீட்டில் தேநீர் கொதித்ததும் அவள் கெண்டியை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். கல்மாத் முதல் கிண்ணத்தைக் குடித்தான். கெண்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் காலிக் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினான்.