இரண்டு பூட்டு அறை

"இவர் ஏன் சுவரப் பாத்து நிக்கிறார்?" என்று உல்ரிக்கே கேட்டபோதுதான் நானும் அதைக் கவனித்தேன். நான்கு மாதமாகத் தினமும் திரையில் பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான். கேமரா அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடிய படத்தை நிறுத்தி, பேனா முனையால் திரையைத் தொட்டுக் காட்டினாள். விளைச்சலைப் பூட்டிவைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்குள் இரண்டு பேர். மொசெலே உள்கதவில் தன் சாவியைப் போட்டுத் திருப்புகிறாள். பாகிசோ அவளுக்கு முதுகைக் காட்டி, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வெள்ளைச் சுவரையே பார்த்து நிற்கிறார். பிறகு அவள் ஒதுங்கி எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள, அவர் வந்து இரண்டாவது பூட்டைத் திறக்கிறார்.

"அவர் அவளுக்கு மாமனார்," என்றேன். எங்கள் லெசோத்தோ நாட்டு மலையில் யாரிடம் சொன்னாலும் அதோடு பேச்சு முடிந்திருக்கும். உல்ரிக்கே ஜெர்மனிக்காரி. எங்கள் பண்ணையில் அரசு லைசென்ஸோடு விளையும் கஞ்சாவை மருந்துக்கு வாங்கப்போகிற கம்பெனி, காவலும் கட்டுப்பாடும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவர அவளை அனுப்பியிருந்தது. மருமகள் மாமனாரின் முகத்தை நேராகப் பார்க்க மாட்டாள், பெயரை வாயால் சொல்ல மாட்டாள், அவரும் அவளோடு ஓர் அறையில் தனியாக நிற்கக் கூசுவார் என்று விளக்கினேன். ஆனாலும் வேலை என்று வந்துவிட்டதால் ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறார்கள் என்றேன்.

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "மரியாத புரியுது. ஆனா ரெண்டு சாவி எதுக்கு? ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தர் பாக்கணும்னுதானே? இங்க ரெண்டு பேரும் சுவத்தத்தானே காவல் காக்கிறாங்க?" என்றாள்.

சோதனைப் பட்டியலை என் பக்கம் திருப்பினாள். இரட்டை வேலி தேறியது, விளக்குகள் தேறின, செடிக்குச் செடி எண் போட்ட அட்டை தேறியது. போயும் போயும் எங்கள் மரியாதையில் கோட்டைவிட்டோம். வியாழக்கிழமை அவள் கிளம்பும் முன் மறுபடி திறந்து காட்ட வேண்டும் என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லி, ஆள் இருப்பதைக் கேமராவுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். முடியாதென்றால் சாவி வேறு ஆளுக்குப் போக வேண்டும்.

வேறு ஆளுக்கு, பண்ணைக் காவல் பொறுப்பில் இருக்கிற நான் எங்கே போவேன்? கஞ்சா வழக்கு உள்ளவர் கையில் சாவி தரக்கூடாது என்பது லைசென்ஸ் விதி. லைசென்ஸ் என்ற பேச்சே வராத காலத்திலிருந்து கஞ்சா விளைந்த பள்ளத்தாக்கு இது. என் அண்ணன் பேரில் மட்டும் இரண்டு வழக்கு. மொத்தச் சனத்தையும் சலித்ததில் சுத்தமான போலீஸ் சான்றிதழோடு தேறியவர்கள் மூன்றே பேர். சர்ச் மூப்பராக இருந்து செடிப் பக்கமே போகாத பாகிசோ, கீழ்ச்சமவெளியிலிருந்து வாழவந்த மொசெலே, பிரசவத்துக்கு விடுப்பில் போயிருந்த தெபெல்லோ.

மொசெலேயிடம் மத்தியானம் சொன்னேன். களியைக் கிண்ணத்தில் வைத்தபடியே கேட்டாள்.

"சாவியக் குடுத்துடறேன் அக்கா. பேரச் சொல்ல மாட்டேன்."

"சாவியக் குடுத்தா வேலையும் போயிடும்டி. ஒரு வார்த்ததான?"

"ஒரு வார்த்ததான். வீட்ட விட்டுப் போறவதான் அதச் சொல்லுவா." கொஞ்ச நேரம் கையில் ஒட்டிய களியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எங்கண்ணனுங்க போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க. புருசன் போயிட்டான், புள்ள இல்ல, அங்க உனக்கு என்ன இருக்கு, வந்துடுங்கறாங்க. அவரு பேரச் சொல்லாம இருக்கேன் பாருங்க, அது ஒண்ணுதான் அக்கா எனக்கு அங்க இருக்கு."

இரண்டு வருடம் முன்னால் பனியில் வண்டி சறுக்கி அவள் கணவன் கேத்தாங் செத்தபோது, நாற்பது நாள்கூட இருக்க மாட்டாள் என்று பேசியவர்களில் நானும் ஒருத்தி. அவள் இருந்தாள். சமைத்து, தட்டை வாசற்படியில் மூடி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாமனார் ஒரு இருமல் இருமிவிட்டு வந்து எடுத்துக்கொள்வார். அந்த வீட்டில் நடக்கிற பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

புதன்கிழமை மொசெலே என் அறையில் சாவி ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போடக் குனிந்திருந்தபோது வெளியே இருமல் கேட்டது. அவள் சட்டென்று கேமராத் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பாகிசோ உள்ளே வரவில்லை. வாசல் நிலைக்கு வெளியே, வேலிப் பக்கம் பார்த்தபடி நின்றார்.

"மாபொலொகோ," என்று என்னைக் கூப்பிட்டார். "அவகிட்ட ஒண்ணு சொல்லு."

அவள் மூன்று அடியில் நிற்கிறாள். நான் நடுவில் தபால்காரி. "சொல்லுங்கய்யா," என்றேன்.

"பேரச் சொன்னா வீட்ட விட்டுப் போனதா ஆயிடாதுன்னு சொல்லு. வீட்டுக்காரன் நான் சொல்றேன். யாராச்சும் கேட்டா எங்கிட்ட வரச் சொல்லு."

"கேட்டுக்கிட்டாய்யா."

"அவ இன்னும் பதில் சொல்லலியே."

மொசெலே திரையைவிட்டுத் திரும்பவில்லை. "பழக்கமில்லாத வாய், தப்பா வந்துடுமோன்னு பயமா இருக்குன்னு சொல்லுங்கக்கா," என்றாள்.

நான் வெளியே எட்டிப்பார்த்தேன். தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவ மாமியார் கண்ண மூடினதுலேர்ந்து அந்தப் பேரு சும்மாதான் கெடக்கு. மத்தவங்களுக்கெல்லாம் நான் அய்யாதான், மூப்பர்தான். தப்பா வந்தாலும் பரவால்ல, எடுத்துப் புழங்கச் சொல்லு," என்றார்.

மொசெலே கையெழுத்துப் போடாமலே தாளை மடித்துத் தன் மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உல்ரிக்கேயும் நானும் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கேமராவில் மைக் உண்டு. அதுவரை அதில் பூட்டுச் சத்தம் மட்டும்தான் விழுந்திருந்தது. இருவரும் உள்ளே வந்து வழக்கப்படி ஆளுக்கொரு சுவருக்குப் போனார்கள். பிறகு மொசெலே திரும்பினாள். அவரும் திரும்பினார். ஆறு வருடமாக ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் அன்றைக்குத்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

"பாகிசோ... இருக்கார்," என்றாள். குரல் ஆடியது, பெயர் சரியாகவே வந்தது.

இப்போது அவர் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். உல்ரிக்கே என்னைப் பார்த்தாள். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன்.

"என் மக இருக்கா," என்றார்.

"அட்டையில இருக்கிற பேரு," என்று உல்ரிக்கே மெல்லச் சொன்னாள். நான் ஒலிபெருக்கியில் சொன்னேன். "மொசெலே. மொசெலே இருக்கா," என்று அவர் அவசரமாக இரண்டு தடவை சொன்னார். உல்ரிக்கே பட்டியலில் சரி என்று குறி போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம், தினமும் காலையில் அந்த இரண்டு பெயர்களும் அந்த அறையில் கேட்டன. பிரசவம் முடிந்து தெபெல்லோ வந்ததும் மொசெலேயோடு அவளையே ஜோடி சேர்த்தேன். மொசெலேவுக்கு அது பெரிய நிம்மதி. பாகிசோ செடிகளுக்கு நீர் விடும் கணக்கைப் பார்க்கப் போனார். எல்லாம் முறைப்படி ஆகிவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

பத்து நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் வாசலில் இருமல் கேட்டது.

"அந்தப் படமெல்லாம் எத்தன நாளைக்கு இருக்கும்?" என்றார் பாகிசோ.

"தொண்ணூறு நாள் அய்யா. அப்புறம் தானா அழிஞ்சிடும்."

"மொத நாளு இருக்கில்ல, அத ஒரு தடவ போட முடியுமா?"

பழைய பதிவைப் போட்டால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். அதை அவரிடம் சொன்னேன்.

"என்ன காரணம் எழுதுவ?"

"மைக் வேல செய்யுதான்னு சோதிச்சதா எழுதறேன்."

"பொய்யாயிடாதே?"

"காதுல விழுந்தா பொய் இல்லய்யா."

தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் போட்டேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. குனிந்து ஒலிபெருக்கியின் பக்கம் காதை வைத்துக்கொண்டார். பாகிசோ இருக்கார் என்றது மொசெலேயின் குரல். இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினார். மறுபடி போட்டேன். நேரடிப் படம் ஓடும் பக்கத்துத் திரையில், வெளிக்கட்டிட வாசல் வெயிலில், மொசெலே அவருடைய தட்டைக் கல்படியில் வைத்து, காற்றில் பறக்காதபடி துணியை நாலு மூலையிலும் செருகிவிட்டு, இரண்டு அடி தள்ளிப் போய் மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இருமல் சத்தத்துக்காகக் காத்து நின்றாள்.