இரண்டாவது சுற்று

செயற்கைக்கோள் மேலே போய் ஒரு வாரமாகியும் வாயைத் திறக்கவில்லை.

காலணிப் பெட்டி அளவுதான் அது. ஆன்டெனாவை மடக்கி நைலான் நூலால் கட்டியிருந்தார்கள். மேலே போனதும் ஒரு கம்பி சூடாகி நூலை உருக்க வேண்டும், ஆன்டெனா விரிய வேண்டும். நூலைக் கட்டியவள் ஒரு மாணவி. அதனாலேயே கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்கு முடிச்சு என்று பெயர்.

அதிர்வுச் சோதனைக்குப் பிறகு நூல் தளர்ந்த மாதிரி இருந்தது. யாரையும் கேட்காமல் இன்னொரு சுற்று சுற்றிவிட்டாள். ஒரு சுற்றுக்குத்தான் சூடு கணக்கிடப்பட்டிருந்தது.

பழியோ, அதன் ரேடியோவைச் செய்த நெட்டையன் கொக்கின் தலையில் விழுந்தது.

"என்னடா கொக்கு, உன் பிள்ளை வாயைப் பூட்டிச் சாவியைத் தொலைச்சிட்டியா?" என்றான் பேட்டரிக்காரன்.

"அப்பன் சொதப்பினா பிள்ளை என்ன பண்ணும்?" கொக்கு சிரித்தான். கண் சிவந்திருந்தது. வீட்டுக்கே போவதில்லை.

முடிச்சு தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்னும் சற்று நேரத்தில் அது தலைக்கு மேல் கடக்கும். பலமாகக் கூப்பிட்டால், ஆன்டெனா மடங்கியே இருந்தாலும் அதற்குக் கேட்கும் என்று கொக்கு நம்பினான். தன் புது நிரலில்தான் பிழை என்று நினைத்து, பழைய நிரலுக்கு மாறச் சொல்லும் கட்டளையைத் தட்டிக்கொண்டிருந்தான். பழைய நிரலுக்குக் கம்பியைச் சூடாக்கத் தெரியாது. அனுப்பிவிட்டால் நூல் கடைசிவரை உருகாத நூல்தான்.

"கொக்கு, அனுப்பாதே."

"ஏன்டி?"

"கம்பியை இன்னும் கொஞ்ச நேரம் சூடாக்கிப் பாரேன்."

"ஒரு நூலுக்கு எதுக்கு அவ்வளவு?"

"ரெண்டு சுத்து இருக்கு."

அவன் விரல்கள் நின்றன. யார் சுற்றியது என்று கேட்கவில்லை.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமேடி," என்றான் மெதுவாக. தட்டியதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதி அனுப்பினான்.

ஒலிபெருக்கியில் இரைச்சல். நெடுநேரம் அதே இரைச்சல். பிறகு அதற்குள் ஒரு கீச்சு.

பேட்டரிக்காரன் நாற்காலி மேல் ஏறிக் கத்தினான். பேராசிரியர் ஓடி வந்தார்.

"எப்படிடா பேச வெச்சீங்க?"

"முடிச்சுதான் சார். கம்பியை இன்னும் கொஞ்ச நேரம் சூடாக்கச் சொன்னா." கொக்கு அவள் பக்கம் திரும்பவில்லை.

"சபாஷ்! எப்படிம்மா தோணுச்சு உனக்கு?"

எல்லோரும் கைதட்டினார்கள். கொக்கு தட்டவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தப்பித்துப் போக வழிவிட்டிருக்கிறான். போய்விடலாம்.

"தோணல சார்," என்றாள். "நூலை ரெண்டாவது சுத்து சுத்தி அதை மாட்ட வெச்சதே நான்தான். தெரிஞ்சுதான் இத்தனை நாளும் வாயைத் திறக்கல."

கைதட்டல் நின்றது. பேட்டரிக்காரன் நாற்காலியிலிருந்து இறங்கினான்.

கீச்சு மட்டும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.